கூடவே வரும் அடுப்பு

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் யாராவது பயணம் கிளம்பினால், "பணம் எடுத்தாச்சா?" என்று கேட்பதற்கு முன்னால் "அடுப்பு எடுத்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். குலதெய்வம் கும்பிடப் போனாலும் சரி, கம்பம், கூடலூர், குமுளி வழியாகச் சபரிமலைக்கு நடந்தாலும் சரி, சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு முதல் நாளே போய் முல்லையாற்றங்கரையில் தங்கினாலும் சரி, சமையல் நம் கையில்தான். ஓட்டல் சாப்பாடு கட்டுப்படியாகாது. கட்டுப்படியானாலும் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.

முன்பெல்லாம் எந்த அடுப்பு என்ற கேள்வியே கிடையாது. மூன்று கல், நாலு சுள்ளி, ஒரு தீப்பெட்டி. மழை நாளென்றால் ஒரு திரி ஸ்டவ். இன்றைக்கோ கடைக்குப் போனால் தலை சுற்றுகிறது. உள்ளங்கையில் அடங்குகிற அடுப்பு, பெட்டிக்குள் மடங்குகிற அடுப்பு, ஸ்ப்ரே டப்பா மாதிரி காஸ் நிரப்பிய கேன் என்று விதவிதமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். எது யாருக்கு ஆகும் என்று சொல்லத்தான் கடையில் ஆள் இல்லை.

இந்த ஆராய்ச்சியில் நான் இறங்கியது என் அக்கா மகனால். கோயமுத்தூரில் இன்ஜினீயரிங் படிக்கிறான். போடிமெட்டுக்கு மேலே சிநேகிதன் வீட்டு ஏலத்தோட்டத்தில் நாலு பேர் கூடாரம் போட்டு இரண்டு ராத்திரி தங்கப் போகிறார்களாம். போகிற வழியில் என்னைப் பார்க்க வந்தவன் கையில், சந்தையில் வாங்கிய ஒரு குட்டி சிவப்பு சிலிண்டர். அதன் தலையிலேயே பர்னரைத் திருகியிருந்தது.

"நாலு பேருக்கு நூடுல்ஸ் போட இது போதும்ல சித்தி?"

"போதும்டா. ஐ.எஸ்.ஐ. முத்திரை எங்கே? எப்போ டெஸ்ட் பண்ணினது? காஸ் யார் அடைச்சது?" என்றேன்.

"கடைக்காரரே அடைச்சுக் குடுத்தாரு. முத்திரையெல்லாம் எவன் சித்தி பார்க்கிறான்?"

அந்த 'எவன் பார்க்கிறான்'தான் விஷயமே. பெரிய சிலிண்டரிலிருந்து சின்ன சிலிண்டருக்கு லைசென்ஸ் இல்லாமல் காஸ் மாற்றுவதே சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள். உள்ளே திரவமாக இருக்கிற காஸ் வெயில் பட்டால் விரிந்துகொள்ளும். அதற்காகத்தான் கம்பெனியில் அடைக்கும்போது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விடுகிறார்கள். கடைத் திண்ணையில் அடைக்கிறவருக்கு ஏது அளவு? காசுக்குக் குறைவில்லாமல் 'கழுத்து வரை' அடைத்துக் கொடுத்துவிடுவார். அதைத் தூக்கிச் சித்திரை வெயிலில் கார் டிக்கியில் போட்டால், விரிய இடமில்லாத காஸ் சிலிண்டரின் தகட்டைத்தான் பதம் பார்க்கும். போதாததற்கு, எரிகிற பர்னரும் காஸும் ஒன்றின் தலையில் ஒன்று! அந்த சிலிண்டரை அவன் மலைக்குக் கொண்டு போகவில்லை. என்ன பேசினோம் என்பது எங்கள் வீட்டு விவகாரம்.

சிலிண்டர்தான் வேண்டும் என்றால், எண்ணெய்க் கம்பெனிகளே 5 கிலோ சிலிண்டர் தருகிறார்கள். இண்டேன்காரர்கள் அதற்கு 'சோட்டு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏஜென்ஸியிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் அடையாள அட்டையைக் காட்டி வாங்கலாம். முகவரிச் சான்று கேட்பதில்லை. எந்த சிலிண்டரானாலும் கழுத்து வளையத்தின் உள்பக்கம் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி, டி அதற்கடுத்த மூன்று மூன்று மாதங்கள். 'பி 27' என்று இருந்தால் 2027 ஜூன் முடிவதற்குள் மறுபடி சோதனைக்கு அனுப்ப வேண்டிய சிலிண்டர் என்று அர்த்தம். தேதி கடந்திருந்தால் வாங்காதீர்கள். வீட்டு சிலிண்டருக்கும் இதே கணக்குத்தான். எத்தனை பேர் பார்க்கிறோம்?

எங்கள் வீட்டுக்காரர் மாலை போட்டுப் போகும் குழுவில் பன்னிரண்டு சாமிகள். கூடவே ஒரு வேன் போகும். அவர்களுக்கு இந்த 5 கிலோவும், இரும்புக்கால் வைத்த ஒற்றைப் பர்னரும்தான் சரி. பன்னிரண்டு பேர் சோற்றைக் குட்டி அடுப்பில் வடிக்க முடியாது. வேன் ஓடும்போது ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, சிலிண்டரை நிமிர்த்திக் கட்டி வைக்க வேண்டும். சாய்த்துப் படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே வெளியே வரும். சமையலை வேனுக்குள் வைக்கவே கூடாது. இந்த காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து சீட்டுக்கடியில் தேங்கி நிற்கும்.

முதுகுப் பையில் எடுத்துப் போகிற பிள்ளைகள் சமாசாரம் வேறு. அவர்களுக்கு ஒவ்வொரு கிராமும் பாரம். அதற்கு நான் பார்த்தவரையில் இரண்டு தினுசு உண்டு.

ஒன்று, பெட்டி அடுப்பு. சின்ன சூட்கேஸ் மாதிரி பிளாஸ்டிக் பெட்டியில் வரும். ஒரு பக்கம் பர்னர், மறுபக்கம் நீளமான பியூட்டேன் கேனைப் படுக்க வைக்க ஒரு அறை. கேனின் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். அது அடுப்பில் உள்ள முனைக்கு நேராக வந்தால்தான் பிடி கீழே இறங்கும். இறங்கவில்லை என்றால் மல்லுக்கட்டாதீர்கள், எடுத்துத் திருப்பி வையுங்கள். நல்ல தயாரிப்புகளில், உள்ளே அழுத்தம் எகிறினால் கேனைத் தானாகவே விடுவித்துவிடும் அமைப்பு உண்டு. அது இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். இரண்டு மூன்று பேர் காரில் போகிற குடும்பத்துக்கு இந்த அடுப்பு ரொம்ப வசதி. தோசை கூட வார்க்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. வீட்டில் இருக்கிற பெரிய தோசைக்கல்லையோ அகலமான இருப்புச் சட்டியையோ இதன்மேல் வைக்கக் கூடாது. கல் கேன் அறைக்கு மேலே நீண்டுகொண்டு நிற்கும். அதன் அனல் கீழே இறங்கி கேனைச் சுட வைக்கும். இந்த மாதிரி அடுப்பு வெடித்த விபத்துகளில் பலவும் இப்படித்தான் நடக்கின்றன. பெரிய பாத்திரத்துக்காக இரண்டு அடுப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதும் இதே வினைதான். பர்னர் கம்பியைத் தாண்டாத பாத்திரம் என்பதுதான் கணக்கு.

இரண்டாவது, திருகு அடுப்பு. மலையேறுகிறவர்கள் வைத்திருப்பது இதுதான். குண்டான குட்டி கேன். அதன் தலையில் மரை இருக்கும். பர்னரைத் திருகி, மூன்று கால்களை விரித்தால் அடுப்பு ரெடி. பர்னர் நூறு கிராம் சொச்சம்தான். மடக்கினால் என் கைப்பிடிக்குள் அடங்கிவிட்டது. "இதில் எப்படி அண்ணே பாத்திரம் நிக்கும்?" என்று கடைக்காரரைக் கேட்டேன். "ஒரு லிட்டர் பாத்திரம் நிக்கும்க்கா. அதுக்கு மேல நீங்க புடிச்சுக்கிட்டுத்தான் நிக்கணும்" என்றார். உண்மை பேசும் கடைக்காரர்! உயரம் அதிகம், அடிப்பாகம் சிறிசு. சமதரையில் வைத்துத்தான் மூட்ட வேண்டும்.

கவனியுங்கள்: நீளக் கேன் திருகு அடுப்பில் சேராது, மரைக் கேன் பெட்டி அடுப்பில் சேராது. அடுப்பை ஆன்லைனில் ஓரிடத்திலும் கேனை வேறிடத்திலும் வாங்கி, மலையில் போய் இரண்டையும் வைத்துக்கொண்டு முழிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வாங்கியதும் வீட்டு வாசலில் வைத்து, இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். நுரை கொப்பளித்தால் கசிவு. தீக்குச்சியைக் காட்டிப் பார்க்கிற வீரம் வேண்டாம்.

கேன் எத்தனை நாள் வரும்? கடைகளில் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். சரி, நம்மிடம் தராசு இருக்கிறதே என்று நானே போட்டுப் பார்த்துவிட்டேன். காற்றில்லாத எங்கள் பின்கட்டில், மூடி போட்ட பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்க 15 கிராம் காஸ் செலவு. மூடி இல்லாமல் 19 கிராம். மொட்டை மாடியில் சாயங்காலக் காற்றில் வைத்தால் 27 கிராம் போன பிறகும் கொதிக்கிற வழியாகத் தெரியவில்லை; அணைத்துவிட்டேன். ஆக, காஸை மிச்சம் பிடிக்க விலை உயர்ந்த அடுப்பு வேண்டியதில்லை. ஒரு மூடியும் காற்றுக்கு ஒரு மறைப்பும் போதும். நாலு பேருக்கு இரண்டு வேளை டீ, காலையில் ரவை உப்புமா, ராத்திரி அரிசியும் பாசிப்பருப்பும் சேர்த்த கிச்சடி என்றால் நாளைக்கு 90 முதல் 110 கிராம் ஆகும். 225 கிராம் கேன் இரண்டு நாளுக்குச் சரியாக இருக்கும். கூட ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

மறைப்பு என்றேன். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெட்டி அடுப்புக்கும் திருகு அடுப்புக்கும் தகரத்தைச் சுற்றிலும் வளைத்துக் கட்டக் கூடாது. உள்ளே அனல் தங்கி கேன் சூடாகிவிடும். காற்று வருகிற ஒரு பக்கம் மட்டும் ஒரு பலகை, ஒரு கல், ஒரு பை வைத்தால் போதும். கேனைத் தொட்டுப் பார்த்தால் ஜில்லென்றோ சாதாரணமாகவோ இருக்க வேண்டும். வெதுவெதுவென்று இருந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். 50 டிகிரிக்கு மேல் சூடு படக்கூடாது என்று கேனிலேயே அச்சடித்திருக்கும். பங்குனி, சித்திரையில் பூட்டிய காருக்குள் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். எனவே வண்டியை நிறுத்தினால் கேனும் உங்களோடு இறங்க வேண்டும்.

குளிர் பிரதேசத்தில் நேர் எதிரான தொல்லை. சுத்த பியூட்டேன் பூஜ்யம் டிகிரிக்கு அருகிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். அதோடு எரிய எரிய கேன் தானாகவே குளிர்ந்துகொண்டு போகும். மார்கழி விடியலில் கொழுக்குமலை, கொடைக்கானல் பக்கம் போனால் நாலைந்து டிகிரி குளிரில் ஜுவாலை சோர்ந்துவிடுகிறது. அங்கே போகிறவர்கள் புரொப்பேன் கலந்த கேனாகப் பார்த்து வாங்க வேண்டும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். இல்லாவிட்டால் கேனை ராத்திரி கம்பளிக்குள் வைத்துக்கொண்டு தூங்கலாம். தீயில் காட்டிச் சூடாக்குகிற யோசனை யாருக்கும் வரக்கூடாது. இன்னொன்று, உயரம் போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஏழாயிரம் அடியில் 93 டிகிரிதான். கொதிக்கிறதே என்று பார்த்தால் பருப்பு வேகாது. இரண்டு லிட்டர் குக்கர் ஒன்றை, பாரமானாலும், தூக்கிக்கொண்டு போவது லாபம்.

சீமெண்ணெய் ஸ்டவ்வை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். காற்றடிக்கிற பம்ப் ஸ்டவ் 1892-ல் ஸ்வீடன் நாட்டில் லிண்ட்க்விஸ்ட் என்பவர் உருவாக்கியது. அந்த 'பிரைமஸ்' பெயரே நம் பாட்டிமார் வாயில் ஸ்டவ்வுக்குப் பொதுப் பெயரானது. 1911-ல் தென் துருவம் போன அமுண்ட்சென்னும், 1953-ல் எவரெஸ்ட் ஏறிய ஹில்லாரியும் டென்சிங்கும் பனியை உருக்கிக் குடித்தது இந்த ஸ்டவ்வில்தான். குளிர், காற்று எதற்கும் அசையாது. ஆனால் இன்றைக்கு ரேஷனில் சீமெண்ணெய் கிடைப்பது குதிரைக்கொம்பு. பையில் கொஞ்சம் சிந்தினால் அரிசி, துணி எல்லாம் நாறிவிடும். சூடேற்றி, பின் போட்டு, பக்குவமாகப் பம்ப் பண்ணத் தெரிந்த கையும் வேண்டும். எரியும்போது எண்ணெய் ஊற்றுவது, அளவுக்கு மேல் காற்றடிப்பது இரண்டும் ஆபத்து. (அந்தக் காலத்துப் பேப்பர்களில் 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்று வாரம் ஒரு செய்தி வரும். மாமியாருக்கு ஏன் ஒரு முறைகூட வெடிக்கவில்லை என்று நம் பெண்கள் அப்போதே கேட்டார்கள். வரதட்சணை மரணத்துக்கு 304-பி என்று தனிப் பிரிவு 1986-ல்தான் வந்தது. ஸ்டவ் சுமந்த பழியில் பாதி அதனுடையது அல்ல.)

ஸ்பிரிட் அடுப்பு, வெள்ளைக் கட்டி எரிபொருள் அடுப்பு என்றும் உண்டு. ஒரு டம்ளர் டீக்குச் சரி. நாலு பேர் சமையலுக்கு ஆகாது. ஸ்பிரிட்டின் ஜுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது என்பதால், எரிகிற அடுப்பில் மறுபடி ஊற்றிக் கையைச் சுட்டுக்கொள்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

அடுப்பைவிட முக்கியம் அதை எங்கே மூட்டுவது என்பது. 2018 மார்ச் 11 ஞாயிற்றுக்கிழமை எங்கள் போடி பக்கத்துக் குரங்கணி மலையில் நடந்ததை இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் மறக்க மாட்டோம். மலையேற்றம் வந்த பிள்ளைகள் காட்டுத்தீக்கு நடுவே மாட்டிக்கொண்டு, 23 பேர் மாண்டு போனார்கள். பலர் இளம் பெண்கள். ஆளுயரப் புல் காய்ந்து நிற்கும்போது ஒரு பொறி என்ன செய்யும் என்பதற்கு அதற்குமேல் சாட்சி வேண்டாம். காப்புக்காட்டில் தீ மூட்டுவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் 1882-லேயே வந்தது. மேகமலைப் பக்கம் 2021 முதல் புலிகள் காப்பகம். அங்கே கெடுபிடி இன்னும் அதிகம். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலைப்பாதைகளை அனுமதிச் சீட்டு, வழிகாட்டியுடன் திறந்துவிட்டது. அப்படிப் போகும்போது அடுப்பு வேண்டியதே இல்லை. புளிச்சோறும் எள்ளுத் துவையலும் கட்டிக் கொடுங்கள், இரண்டு வேளைக்குத் தாங்கும். சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயில் போகிற நாளிலும் எங்கள் வீட்டில் கட்டுச்சோறுதான்.

ஏலத்தோட்டம், எஸ்டேட், கோயில் திடல் மாதிரி சொந்தக்காரர் அனுமதித்த இடத்தில் மூட்டும்போதும், சுற்றிலும் இரண்டு எட்டு தூரம் சருகைப் பெருக்கித் தள்ளிவிட்டு, பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் வைத்துக்கொண்டுதான் மூட்ட வேண்டும்.

ரயில் பயணத்தில் அடுப்பு கூடவே கூடாது. 2023 ஜூனில் போடி வரைக்கும் ரயில் வந்ததில் எங்களுக்கெல்லாம் பெருமை. அதே வருஷம் ஆகஸ்ட் 26 விடியற்காலையில், மதுரையில் நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டிக்குள் சிலிண்டர் வைத்து டீ போட்டபோது தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து கோயில் கோயிலாகத் தரிசனம் செய்துகொண்டு வந்தவர்கள். சிலிண்டர், ஸ்டவ், சீமெண்ணெய் எதுவும் ரயிலில் ஏறக்கூடாது. மீறினால் மூன்று வருஷம் வரை சிறைகூட உண்டு. விமானத்தில் காஸ் கேனுக்கு இடமே கிடையாது. ரயிலில் போகிறவர்கள் பர்னரை மட்டும் எடுத்துக்கொண்டு, கேனை இறங்குகிற ஊரில் வாங்கலாம்.

இன்னொரு பேச்சு, அதுதான் எனக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பது. குளிருகிறதே என்று கூடாரத்துக்குள்ளோ விடுதி அறைக்குள்ளோ அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானல் விடுதி அறையில் பார்பிக்யூ கரியடுப்பை வைத்துவிட்டுத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் காலையில் எழுந்திருக்கவே இல்லை. தீ பிடிக்கவில்லை, வெடிக்கவில்லை. கரி சரியாக எரியக் காற்று போதாத இடத்தில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகிறது. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் பிராணவாயு ஒட்டிக்கொள்கிற இடத்தில், அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இது ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், அப்புறம் சொக்கும். குளிரில் சொக்குகிறது என்று நினைத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார்கள். காஸ் அடுப்பும் மூடிய இடத்தில் இதே வேலையைச் செய்யும். அடுப்புக்கு இடம் கூடாரத்துக்கு வெளியேதான். குளிருக்குக் கம்பளி இருக்கிறது. யாருக்காவது தலைவலி என்றால் உடனே வெளிக்காற்றுக்கு இழுத்து வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

தீக்காயத்துக்கும் ஒரு வார்த்தை. சுட்ட இடத்தை ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்ட வேண்டும். இங்க், பற்பசை, இட்லி மாவு, வெண்ணெய் எதுவும் தடவக் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. மோதிரம், வளையல் வீங்குவதற்கு முன்னால் கழற்றிவிடுங்கள். தரையில் உட்கார்ந்து சமைக்கும்போது நைலக்ஸ் புடவையும் பாலியஸ்டர் துப்பட்டாவும் வேண்டாம். பிள்ளைகளின் மினுமினுப்பான குளிர்க்கோட்டும் அதே ஜாதிதான், அனல் பட்டால் உருகி உடம்போடு ஒட்டிவிடும். பருத்திப் புடவையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

அக்கா மகனுக்குத் திருகு அடுப்பு, மரைக் கேன் இரண்டு, மூடியுள்ள ஒன்றரை லிட்டர் பாத்திரம், ஒரு இடுக்கி வாங்கிக் கொடுத்தேன். வறுத்த ரவையில் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, மிளகாய் எல்லாம் தாளித்துக் கலந்து டப்பாவில் போட்டுவிட்டேன். ஒரு பங்கு ரவைக்கு இரண்டரைப் பங்கு கொதிக்கிற தண்ணீர், உப்பு. கொட்டிக் கிளறி, அடுப்பை உடனே அணைத்து, மூடிப் பத்து நிமிஷம் துண்டில் சுற்றி வைத்தால் உப்புமா. காஸும் மிச்சம், அடியும் பிடிக்காது. அரிசியையும் பாசிப்பருப்பையும் லேசாக வறுத்து, ஒரு மணி நேரம் ஊற வைத்துவிட்டு வேகவைத்தால் குக்கர் இல்லாமலும் ஏறக்குறையப் பாதி நேரத்தில் வேகும். காலிக் கேனைத் தோட்டத்தில் வீசாமல், நெருப்பிலும் போடாமல், வீட்டுக்குக் கொண்டு வந்து என்னிடம் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டையும் கொண்டு வந்தான். ஒன்றைத் தராசில் வைத்துப் பார்த்தேன், இன்னும் 40 கிராம் காஸ் மிச்சம் இருந்தது.